இந்த வருஷம் யார் முறை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரியவளுக்கு இரண்டு வேலை கட்டாயம் உண்டு. ஒன்று, வாரம் முழுக்கத் தலையில் ஏறிய செங்கல் மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது. இன்னொன்று, ஊரில் இருக்கும் மாமனாருக்கு ஃபோன் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வது.

"என்ன மாமா, சாப்ட்டாச்சா?"

"சாப்பிடாம? சின்னவ இப்பத்தான் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போறா. அவ பருப்பு வேகவெக்கிறா பாரு, அதுக்குப் பேரு பருப்பு. நாக்குல வெச்சா கரையுது. நீ வேகவெப்பியே, கூழாங்கல்லு. என் பல்லு பாதி ஆடிப்போனதே உன்னாலதான்."

"இத்தனை வருஷம் அந்தக் கூழாங்கல்லைத்தானே தட்டை வழிச்சு வழிச்சு முழுங்குனீங்க?"

"வேற போக்கிடம்? வாயைக் கட்டிக்கிட்டு முழுங்குனேன்."

"சரி, கண்ணு எப்படி இருக்கு?"

"அது இருந்த எடத்துலயேதான் இருக்கு. மூக்குக்கு ரெண்டு பக்கமும். வை ஃபோனை, காசு ஓடுது."

அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிடுவார். பெரியவள் கொஞ்ச நேரம் அந்த ஃபோனையே முறைத்துப் பார்ப்பாள். சிரிப்பும் வரும், வயிறும் எரியும். சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் அரிசியை எவ்வளவு தண்ணீரில் போடுவது என்றுகூடத் தெரியாமல் முழித்தவள். அவளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்ததே பெரியவள்தான். இன்றைக்கு அவள் பருப்பு கரைகிறதாம், இவள் பருப்பு கல்லாம்! அந்த வாரம் முழுக்கப் பெரியவள் விறகைக் கண்டபடி எரித்துப் பருப்பைக் கடைந்து தள்ளினாள். புருஷன் தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஏன்டி, இது திங்கறதா குடிக்கிறதா?"

"உங்க அப்பாகிட்டப் போய்க் கேளுங்க."

அவர்கள் ஊர் வானம் பார்த்த பூமி. வானம்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு மழை விழும், நம்பி விதைப்பார்கள். அடுத்த மழை வராது, முளைத்தது கருகும். அதற்குப் பிறகு ஊரே மூட்டை கட்டும். செங்கல் சூளைக்கு ஒரு கூட்டம், கட்டட வேலைக்கு ஒரு கூட்டம், சாலை போடும் வேலைக்கு ஒரு கூட்டம். லாரி வந்து நிற்கும், பானை சட்டியோடு ஏறுவார்கள், அடுத்த மழைக்காலம் தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். வீட்டுக்கு வீடு பூட்டு. கிழடுகளும் ஆடுகளும் மட்டும் மிச்சம்.

மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்து சில வருஷமாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், ஆள் யார் என்பது தெரியாது. தனியாக விட முடியாது. அதனால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் பெரியவன் வெளியூர் போனால் சின்னவன் அப்பாவோடு இருக்க வேண்டும். அடுத்த வருஷம் சின்னவன் போவான், பெரியவன் இருப்பான். போனவன் சம்பாதிப்பதில் இருந்தவனுக்கும் பங்கு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். அந்த வருஷம் சின்னவன் வெளியூர் போக வேண்டிய முறை. சின்னவள் முழுகாமல் இருந்தாள். "அண்ணே, இந்த ஒரு தடவை மாத்திக்குவோம், நீ போ, நான் இருக்கேன்" என்று கேட்டான். பெரியவனுக்கு அப்போது முதுகுவலி. "முறைன்னா முறைதான்டா. ஒரு தடவை மாத்துனா அப்புறம் அதுக்கு மரியாதை இருக்காது" என்று சொல்லிவிட்டான். சின்னவன் போனான். சின்னவளும் கூடப் போனாள், ஜோடியாக வந்தால்தான் வேலை என்பதால். ஜல்லி சுமந்துகொண்டிருந்த இடத்திலேயே அவளுக்கு வலி வந்தது. பிள்ளை தங்கவில்லை.

அதோடு அண்ணன் தம்பி பேச்சு முறிந்தது. ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவனுக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்வான், அப்பா மற்றவனிடம் சொல்வார். கிழவர்தான் அந்த வீட்டுத் தபால்காரர்.

இந்த வருஷம் சின்னவன் இருக்க வேண்டிய முறை. லாரி வருவதற்கு முந்தின நாள் சின்னவன் வீட்டில் பூட்டு தொங்கியது.

"எங்க மாமா அவங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"மாமியா வீட்டுக்குப் போயிருக்கான். நாளைன்னைக்கு வந்துருவான். நீங்க கிளம்புங்க. ரெண்டு நாளு என்னை எந்த நாயும் தூக்கிக்கிட்டுப் போயிடாது."

கிளம்பிவிட்டார்கள்.

சூளையில் பெரியவளும் பெரியவனும் ஒரு ஜோடி. அவன் சாயங்காலமே மண்ணில் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து வைப்பான். விடிகிற நேரத்தில் அவள் குத்துக்காலிட்டு உட்காருவாள். மண்ணை உருட்டி, மணலில் புரட்டி, அச்சுக்குள் ஓங்கி அடித்து, மேலே வழித்து, கவிழ்த்தால் ஒரு கல். தூக்கினால் அடுத்த கல். வெயில் ஏறுவதற்குள் களம் முழுக்க வரிசை வரிசையாகப் பச்சைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். தங்குவதற்கும் அதே பச்சைக்கல்லை அடுக்கி மேலே தகரம் போட்ட குடிசைதான். வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி பெயரும். பிள்ளைகள் இரண்டும் விடுதியில் படிக்கிறார்கள் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஊரில் மழை வேண்டும், இங்கே மழையே கூடாது. ஒரு தூறல் விழுந்தால் அன்றைய கல் அத்தனையும் கரைந்துபோகும். ஒரே வாயால் மழையைக் கூப்பிடவும் வேண்டும், விரட்டவும் வேண்டும் என்று பெரியவன் சொல்லிச் சிரிப்பான்.

வெயில் நன்றாக முற்றியிருந்த ஒரு வாரத்தில், வெந்த கல்லை லாரியில் ஏற்ற ஒரு புதுக்கூட்டம் வந்து இறங்கியது. எங்கேயோ பாலம் கட்டிக்கொண்டிருந்தவர்களாம். வேலை நின்றுபோனதால் மேஸ்திரி இங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரியவள் தண்ணீர்த் தொட்டிக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"வழி விடும்மா, ரொம்பினதும் எடுக்க மாட்டியா?"

தெரிந்த குரல். திரும்பினாள்.

சின்னவள்.

இடுப்பில் குடம், தலையில் சும்மாடு, முகமெல்லாம் செங்கல் தூசி. குழாயடியில் பெரியவளின் குடம் நிரம்பி வழிந்தது.

பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"நீ இங்க என்ன பண்றே? அந்த மனுஷனை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?"

"அதையே நான் கேக்கணும்க்கா. நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"நான் எதுக்கு வந்தேனா? இந்த வருஷம் எங்க முறை, வந்தேன். மழை முடிஞ்சதுலேர்ந்து இங்கதான் கெடக்குறேன். நீ சோறு போட்டுக்கிட்டு இருப்பேன்னு நினைச்சா, மகாராணி மாதிரி குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறே! அப்படி என்ன அவசரம்? கரையுற பருப்பை ஒரு ரெண்டு மாசம் சேத்து வேகவெச்சா குறைஞ்சா போயிடுவே?"

"எந்தப் பருப்பு?"

"அதான், நாக்குல வெச்சா கரையுதாமே! வாராவாரம் உன் பருப்பைப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

சின்னவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அக்கா, என்ன சொல்றீங்க? பருப்பு உங்க பருப்புதானே? 'மூத்தவ பருப்புல கை வெச்சா கை மணக்குது, நீ சமைச்சதைச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு'ன்னு ஃபோன் போடுறப்பல்லாம் என்னைத்தானே திட்டுறாரு. 'பெரியவன் இந்த வருஷமும் போகல, முதுகு சரியில்ல, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டான், நீங்க கெளம்புங்க'ன்னு அவருதானே எங்களை அனுப்புனாரு? நாங்க எங்க அம்மா வீட்டுக்குப் போயி, அங்கேர்ந்தே எங்க அப்பா கூட்டத்தோட கெளம்பிட்டோம்."

"யாரு சொன்னது?"

"மாமாதான்."

"மாமாவா?"

"பின்ன உங்க வீட்டுக்காரரா எங்ககிட்டப் பேசுவாரு?"

பின்னால் நின்றவள் கத்தினாள், "ஏம்மா, குடும்பக் கதையை அங்கிட்டு நின்னு பேசுங்க, எங்களுக்குத் தண்ணி வேணும்." யாரோ பெரியவளின் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்து மாமாவுக்குப் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"என்னம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இல்ல மாமா. சும்மாதான்." ஃபோனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தாள். "சாப்ட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு. சின்னவ சுடச்சுடப் போட்டா."

சின்னவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சின்னவ எங்க மாமா?"

"இங்கதான். ஆட்டை ஓட்டிக்கிட்டு வெளியே போனா."

"கொஞ்சம் கூப்பிடுங்களேன், ஒரு வார்த்தை பேசிடறேன்."

"உனக்கும் அவளுக்கும் என்ன பேச்சு? நான் சொல்லிடறேன், என்ன விஷயம் சொல்லு."

"மாமா." சின்னவள்தான். அதற்கு மேல் அடக்க முடியவில்லை அவளால். "மாமா, நான் இங்கதான் இருக்கேன். அக்கா பக்கத்துல."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஆடு மட்டும் கத்தியது. வைத்துவிட்டாரோ என்று பெரியவள் ஃபோனைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை, இருந்தார். மூச்சு கேட்டது.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா இருக்கீங்க?"

"ஆமா மாமா."

"அவனுங்க ரெண்டு பேரும்?"

"அவங்களும்தான்."

"பேசிக்கிட்டானுங்களா?"

பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு இப்ப அதுவா மாமா முக்கியம்? ஏன் இப்படிப் பண்ணீங்க? கண்ணு தெரியாம தனியா... தண்ணிக்கு என்ன பண்றீங்க? அடுப்புக்கு என்ன பண்றீங்க?"

"அட, நான் என்ன கைக்குழந்தையா? வாசல் எங்க இருக்கு, அடுப்பு எங்க இருக்குன்னு கையிக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா ஒரு குண்டுமணி வெளையல. ஒருத்தன் போயி ரெண்டு வீட்டு அடுப்பு எரியாதும்மா. ரெண்டு பேருமா போனாத்தான் முடியும். எனக்காக ஒருத்தன் உக்காந்திருக்கணுமா? நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

"நியாயம் பேசாதீங்க. நான் கெளம்பி வர்றேன்."

"வராதே."

"நாளைக்குக் காலையில கெளம்புறேன். நாளன்னைக்கு மத்தியான பஸ்ல வந்து எறங்குவேன்."

"சொன்னா கேளு, வராதேங்கறேன்ல. பாத்துக்கிட்டு இருக்குற வேலையைப் போட்டுட்டு..." சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. "மத்தியான பஸ்ஸாம்மா?"

"ஆமா மாமா."

"சரிம்மா."

அதற்குள் விஷயம் களம் முழுக்கப் பரவிவிட்டது. பெரியவன் மண்குழியிலிருந்து முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்தான். சின்னவன் லாரியிலிருந்து குதித்து வந்தான். சொன்னதைக் கேட்டதும் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவன் தரையைப் பார்த்தான், ஒருவன் சூளையைப் பார்த்தான்.

"இந்த வருஷம் யாரு முறைன்னு ஊருக்கே தெரியும்," என்றான் பெரியவன், மனைவியைப் பார்த்து.

"முறையைப் பத்தி யாரு பேசறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாமான்னு கேளுங்க அண்ணி," என்றான் சின்னவன், அவனும் அவளைப் பார்த்துத்தான்.

"என்னை எதுக்குடா பாக்குறீங்க?" பெரியவள் போட்ட சத்தத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "வாயி ரெண்டு பேருக்கும் இருக்குல்ல? இவ்வளவு நாளு அந்தக் கிழவர்தான் உங்களுக்கு வாயி. இவன் சொன்னதை அவன்கிட்டயும் அவன் சொன்னதை இவன்கிட்டயும் சுமந்துக்கிட்டு அலைஞ்சாரு. நீங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேருக்கு நேரா பேசியிருந்தா அந்த மனுஷனால இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியுமா? முறையாம் முறை! நான் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடியா இருந்து கல்லு அறுங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசிக்காத ரெண்டு பேரை ஜோடி போட்டா கல்லு வராதும்மா, கொலைதான் விழும்."

"விழுந்தா விழட்டும். என்னை விடுங்கண்ணே."

"விடறேன்மா, நான் என்ன எமனா? ஆனா சூளை அடுக்கிக்கிட்டு இருக்கோம். பாதியில ஆளை எடுத்தா நெருப்பு வெக்க முடியாது, மொத்தக் கூட்டத்துக்கும் வேலை நிக்கும். அடுக்கி முடிச்சுட்டுக் கெளம்பு. நானே வண்டி ஏத்திவிடறேன்."

என்ன செய்வது? மொத்தக் கூட்டமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை பேர் வயிறும் அந்தச் சூளையில்தான் இருந்தது. இருந்தாள். ஒரு நாளில் முடியும் என்றார்கள், இழுத்துக்கொண்டே போனது. வருவதற்குத் தாமதமாகும் என்று சொல்ல மாமனாருக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதேதான். சார்ஜ் இருந்திருக்காது, எப்படியும் போய்விடப்போகிறோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

கிளம்பும்போது சின்னவள் ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள். மாமாவுக்கு வாங்கி வைத்த சட்டையாம். "கழுத்துப் பட்டன் பெருசா பாத்து வாங்குனேன்க்கா. தடவிப் பாத்தே போட்டுக்கலாம்." பெரியவன் அவள் பையை லாரி வரைக்கும் சுமந்து வந்தான். சின்னவனும் வந்தான், கொஞ்சம் தள்ளி.

லாரி, ரயில், பஸ், அப்புறம் இன்னொரு பஸ். சன்னல் வழியே பச்சை போய் மஞ்சள் வந்தது, மஞ்சளும் போய் வெறும் மண் வந்தது. வெயில் பஸ்ஸுக்குள்ளேயே கொதித்தது. கம்பியைத் தொட முடியவில்லை. மாமாவை எப்படித் திட்டுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். முதலில் பேசவே கூடாது. அவரே கெஞ்சட்டும். அப்புறம் சோற்றைப் போட்டுவிட்டு, அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கிற நேரம் பார்த்து ஆரம்பிக்க வேண்டும்.

ஊர் நிறுத்தத்தில் மத்தியானம் இறங்கினாள். பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அடங்கியதும் பார்த்தாள்.

நிறுத்தத்துக் கம்பத்தில் சாய்ந்து மாமனார் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, மடியில் கைத்தடி. துண்டின் நுனி முகத்தை மூடியிருந்தது.

அவளுக்குப் பேசாமல் இருக்க முடியுமா என்ன?

"வாங்க ராசா! தூக்கத்தைப் பாரு! இந்தக் கொளுத்துற வெயில்ல நடுரோட்டுல உக்காந்து தூங்குறதுக்கு உங்களாலதான் முடியும். நான் வர்றேன்னு சொன்னா வீட்டுல இருக்க மாட்டீங்களா? எனக்கு வழி தெரியாதா? இல்ல, மேளம் வெச்சுக் கூட்டிட்டுப் போகப்போறீங்களா?" பையைக் கீழே வைத்தாள். "பொய்யைப் பாரு, பொய்யை! எவ்வளவு பொய்! கரையுதாம் பருப்பு. வாங்க வீட்டுக்கு, இன்னைக்கு நான் வேகவெக்கிறேன், பல்லு மிச்சம் இருக்கா விழுதான்னு பாத்துருவோம். என்ன, கோவமா? லேட்டா வந்துட்டேன்னா? சூளையில விடல மாமா. ஃபோன் போட்டேன், நீங்கதான் எடுக்கல. எந்திரிங்க. மாமா..."

ரோட்டோரக் கடையிலிருந்து கடைக்காரம்மா ஒரு சொம்பு தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"வந்துட்டியாம்மா? இதோ, நானும் தண்ணி குடுக்கத்தான் வந்தேன். அப்பவே கேட்டேன், இப்ப வேணாம்னுட்டாரு. மூணு நாளா இதே எடம்தான். காலையில பால்காரர் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து விடறாரு, இருட்டுனதும் கூட்டிட்டுப் போறாரு. 'கடைக்குள்ள நிழல்ல உக்காருங்கய்யா, பஸ் வந்தா நான் சொல்றேன்'னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'ஆளு நிக்கலேன்னா இங்க பஸ் நிப்பாட்ட மாட்டான், என் மருமக பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போயிடுவா'ன்னு..."

அவள் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. பெரியவள் மாமனாரின் முகத்திலிருந்து துண்டை விலக்கியிருந்தாள். கன்னத்தைத் தொட்டாள். வெயில் பட்ட பக்கம் சுட்டது. மறுபக்கம் தொட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஃபோனை எடுத்து, அழுத்திப் பார்த்து, மறுபடி அதே பையில் ஒழுங்காக வைத்தாள்.

"காலையிலகூட நல்லாத்தாம்மா பேசுனாரு," கடைக்காரம்மா அழுதாள். "ஃபோனைக் குடுங்க, சார்ஜ் போடறேன்னேன். அதான் நேர்லயே வர்றாளே, இனிமே எதுக்குன்னாரு. தனியா இருக்கேன்னு பசங்ககிட்டச் சொல்லிடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரும்மா. இல்லேன்னா நான் சொல்லியிருக்க மாட்டேனா?"

"நான் பஸ்ஸுக்குள்ளதானே இருந்தேன்," என்றாள் பெரியவள். "நான் சொன்னா நிப்பாட்டப்போறான். ஆளு எதுக்கு நிக்கணும்?" கடைக்காரம்மாவிடம்தான் கேட்டாள், ஆனால் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளு எதுக்கு மாமா நிக்கணும்?"

பால்காரர் வந்தார். ஊரில் மிச்சமிருந்த கிழடுகள் ஒவ்வொன்றாகத் தடி ஊன்றி வந்து சேர்ந்தன. தூக்குவதற்குத் தெம்பான ஆள் இரண்டு பேர்கூடத் தேறவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும் வரைக்கும் கடைக்காரம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் சூளைக்கு ஃபோன் போட்டாள். பெரியவன்தான் எடுத்தான்.

"போய்ச் சேந்துட்டியா? அப்பாகிட்டக் குடு."

அவள் மூச்சை வைத்தே அவன் புரிந்துகொண்டான். ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவன் "டேய்" என்று கூப்பிடுவது கேட்டது. "டேய், தம்பி. தம்பி, இங்க வாடா..." அதன் பிறகு இரண்டு ஆண்கள் அழுகிற சத்தம் மட்டும்தான். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவள் அதை முழுக்கக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கிழவர் பக்கம் திரும்பினாள். பேசிக்கிட்டாங்க மாமா என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

அவரைக் கிடத்தக் கட்டிலை எடுத்து வாசலில் போட வேண்டும் என்றார்கள். வீட்டைத் திறக்கப் போனாள். பூட்டு இல்லை, சும்மா சாத்தியிருந்தது. முதல் எட்டு வைத்ததும் இடுப்பில் ஏதோ தடுத்தது.

கயிறு.

கதவு நிலையிலிருந்து ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அடுப்பு வரைக்கும் போனது. அடுப்பிலிருந்து இன்னொன்று, கொல்லைக் கதவைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்கு. தொட்டியிலிருந்து ஆட்டுக் கொட்டகைக்கு. கொட்டகையிலிருந்து கொல்லைக் கடைசியில் மறைப்புக் கட்டிய இடத்துக்கு. மாட்டுக்கயிறு, வாளிக்கயிறு, மூட்டை கட்டும் சணல் என்று ஒன்றோடொன்று முடிந்து முடிந்து வீடு முழுக்கப் போட்டிருந்தார். அதுவும் போதாமல் கடைசித் துண்டுக்குத் தன் பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கியிருந்தார். படி வருகிற இடத்தில் ஒரு முடிச்சு. தலை இடிக்கிற இடத்தில் இரண்டு முடிச்சு. கை பட்டுப் பட்டு எல்லாம் கறுத்து வழவழவென்று இருந்தது.

பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டே போனாள். கயிறு சொன்ன இடத்தில் குனிந்தாள், முடிச்சு வந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு மனிதன் யாரையும் கூப்பிடாமல் வாழ்வதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனைக்கும் கயிறு இருந்தது. வாசலைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் போக மட்டும் எதுவும் கட்டவில்லை.

கட்டிலைத் தூக்க வந்த பால்காரர் கயிற்றில் கால் இடறித் தடுமாறினார்.

"என்னம்மா இது, குறுக்கயும் நெடுக்கயும்? கூட்டம் வரப்போவுது, எல்லாரும் தடுக்கி விழுவாங்க. அவுத்துரட்டுமா?"

"வேணாம்ண்ணே." அவள் கயிற்றை விடவில்லை. "அப்படியே இருக்கட்டும். அவங்க ரெண்டு பேரும் வந்து பாக்கட்டும்."